ஃபிலிப்பிக் என்றால் பிலிப்பைன்ஸ் இல்லை

பாராளுமன்ற உரையொன்றை 'ஃபிலிப்பிக்' என்று கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையொன்று எழுதியது பிலிப்பைன்ஸ் மக்களை இழிவுபடுத்துவதாக மேலே ஒரு தம்பி சொல்லியிருக்கிறார். அது தவறு, தம்பி. கடுமையாகச் சாடும் பேச்சைக் குறிக்கும் அந்தப் பெயர், அந்தத் தீவுகளின் பெயரைவிட 1,500 ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

கி.மு. 351இலிருந்து கிரேக்க நகரமான ஏதென்ஸில் டெமொஸ்தெனீஸ் என்ற பேச்சாளர், மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்புக்கு எதிராகப் பேசிய உரைகள்தாம் மூலம். அலெக்சாந்தரின் தகப்பன் அவன். முதல் உரையை வாசித்துப் பாருங்கள், பாதி அடி ஏதென்ஸ் மக்களுக்கே விழுகிறது. குத்துச்சண்டை பழகாதவன் அடி விழுந்த இடத்தையே பொத்திக்கொண்டிருப்பான், அடுத்த அடியை மறிக்கத் தெரியாது, நீங்களும் பிலிப்போடு அப்படித்தான் சண்டை பிடிக்கிறீர்கள் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அப்புறம் ரோமில் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ, தளபதி மார்க் அன்டனியைச் சாடிய தன் 14 உரைகளுக்கும் அதே பெயரை வைத்தார். கி.மு. 43இல் சிசரோவைக் கொன்று, தலையையும் கையையும் அவர் பேசிய மேடையிலேயே காட்சிக்கு வைத்தார்கள்.

குழப்பம் எங்கே வந்தது என்பதும் விளங்குகிறது. பிலிப்பைன்ஸுக்குப் பெயர் கொடுத்த ஸ்பெயின் மன்னரும் ஒரு இரண்டாம் பிலிப்தான். போர்த்துக்கல்லும் அவர் கைக்குப் போயிருந்ததால், 1597இல் இலங்கையின் கோட்டை இராச்சிய மன்னன் தர்மபாலன் கொழும்பில் இறந்தபோது அந்த இராச்சியமே பிலிப்புக்குச் சேர்ந்தது. ஆனால் இந்தச் சொல்லுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.