ஒத்தை ஆளுக்கு எதுக்குக் கணக்குப்பிள்ளை?

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில், தனியாளாகத் தொழில் செய்கிறவர்களின் கூட்டத்தில் ஒருவர் என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைகளைக் கிண்டல் செய்தது எல்லாருக்கும் தெரியும். திரும்ப விவரிக்கப் போவதில்லை. மைக்கைப் பிடித்தவர் சொன்ன ஒரு வரி மட்டும் மூணு நாளாகக் காதிலேயே நிற்கிறது. "ஒத்தை ஆளுக்கு எதுக்குங்க கணக்குப்பிள்ளை? போன்லயே பில்லைப் போட்டுட்டுப் போறாக." கைதட்டல் வேறு. தட்டியவர்களில் எத்தனை பேருடைய வரி ரிட்டர்ன் யார் கையால் போகிறது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், தொழில் தர்மம்.

ஒத்தை ஆளுக்குத்தானய்யா கணக்குப்பிள்ளை வேணும். நூறு பேர் இருக்கிற கம்பெனியில் ஒருத்தர் மறந்தால் இன்னொருத்தர் ஞாபகப்படுத்துவார். கானாடுகாத்தானில் ஏதோ ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டு வளவில் சாரத்து மேல் நின்று சுண்ணாம்புப் பூச்சின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்ஜினியருக்கு, இன்றைக்கு 20-ஆம் தேதி, 3பி என்கிற மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும் என்று யார் சொல்வது?

சரி, போனில் போடுகிற அந்த பில்லையே பார்ப்போம். ஆலோசனைக் கட்டணம் ஒரு லட்சம், ஜிஎஸ்டி 18,000. இரண்டையும் தனித்தனி வரியில் காட்டினால் ஒரு லட்சத்துக்கு மட்டும் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கிறவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டுகிற வருமான வரி) பிடிப்பார்கள், கைக்கு 1,08,000 வரும். "மொத்தம் 1,18,000" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் 11,800 போய்விடும். நீங்கள் அரசுக்குக் கட்டவேண்டிய ஜிஎஸ்டிக்கும் சேர்த்து டிடிஎஸ்! இதைவிடப் பெரிய கூத்து, ஆலோசனையையும் ஆள்கூலி, பொருளையும் ஒரே பில்லில் கலப்பது. ஆளும் பொருளுமாக எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டுக்குத் தனிநபர் என்றால் 1 சதவீதம்தான். கலந்து எழுதினால் பணம் கொடுக்கிற இடத்து அக்கவுண்ட்ஸ்காரர் தன் தலை தப்ப மொத்தத்துக்கும் 10 போடுவார். அவர் மேல் தப்பில்லை. ஐந்து லட்ச ரூபாய் பில்லில் ஐம்பதாயிரம் ரீஃபண்டு வருகிறவரை முடங்கிக் கிடக்கும். நம்ம ஆள் ஆத்தங்குடி டைல்ஸுக்கு அட்வான்ஸ் கொடுக்க வட்டிக்கு அலைவார்.

"அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவாரு" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஆடிட்டர் அடுத்த ஜூலையில் பார்ப்பார். பில் போன ஆகஸ்டிலேயே போய்விட்டது.

"சிநேகிதர் ஜிஎஸ்டி நம்பரில் போட்டுக்கலாமே" என்பது அடுத்த ஞானம். தேவகோட்டைப் பக்கம் ஒரு சர்வேயர் அப்படித்தான் செய்தார். டிடிஎஸ் சிநேகிதரின் பான் நம்பரில் வரவானது, வருமானமும் அவர் கணக்கில் ஏறியது. பணத்தைத் திருப்பித் தரும்போது "எனக்கு வரி கூடிப்போச்சுல்ல" என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார். இப்போது ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை. அடுத்தவர் நம்பரில் பில் போடுவது சட்டப்படியும் குற்றம், அபராதம் 10,000-த்தில் தொடங்குகிறது.

சின்ன வரவுக்காரருக்கும் கணக்குப்பிள்ளையா என்றால், வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். வருஷ வரவு 20 லட்சத்துக்குள், ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை, ரெண்டு மூணு பார்ட்டிதான் என்றால் ஒரு நோட்டும் தொழிலுக்கென்று தனி பேங்க் அக்கவுண்டும் போதும். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் மாதிரித் தொழில்களுக்கு, வருமான வரியில் 44ஏடிஏ என்று நாம் பழகிய வழியில், வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுப் போகலாம். வருஷ வரவு 50 லட்சம் வரை, அதில் ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. அதற்கும் மார்ச் 15-க்குள் அட்வான்ஸ் டாக்ஸ் முழுசாகக் கட்டணும். ஆனால் பெரிய பார்ட்டி கேட்டார் என்று ஜிஎஸ்டி எடுத்துவிட்டு, "இந்த மாசம் பில்லே இல்லையே" என்று ரிட்டர்ன் போடாமல் இருப்பவர்தான் அதிகம். பில் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் உண்டு. பில்லே இல்லாத 'நில்' ரிட்டர்னைத் தாமதித்தாலே நாளுக்கு 20 ரூபாய் ஏறும். ஆறு மாசம் விட்டால் பதிவே ரத்தாகலாம்.

"உன் பிழைப்பு, அதான் பேசுற." ஆமாம், என் பிழைப்புதான். சுவர் விரிசலைப் பற்றிக் கொத்தனார் பேசக்கூடாதா? என் பிழைப்புக்கு எதிராகவும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவில் உங்கள் போன் நம்பரும் உங்கள் ஈமெயிலும் இருக்கட்டும். அவர் நம்பரைக் கொடுத்துவிட்டால், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் ஓடிபிக்கு அவர் வாசலில் நிற்கணும். ஆளுக்கொரு கணக்குப்பிள்ளையும் தேவையில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒருவரை வைத்து, வாரத்தில் ஆளுக்கு அரை நாள் பிரித்துக்கொண்டால் போதும். அந்த அரை நாளில் பில், வராத பாக்கிக்கு நினைவூட்டல், பிடித்த டிடிஎஸ் உங்கள் பானில் ஏறியதா என்ற சரிபார்ப்பு மூணும் முடியும்.

பாக்கி என்றதும் இன்னொன்று. சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்கும் தனியார் தளத்தில் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள்! வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்திருந்தால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாகணும், எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. வட்டிக்குப் பேர்போன ஊரில் இதை எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

வட்டி என்றதும் எங்க ஐயா ஞாபகம் வருகிறது. ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்த காலத்தில் இந்த ஊருக்கு ஐந்தொகை, அதாவது கடையின் இருப்புநிலைக் கணக்கு, கப்பலில் வந்தது. கடையைப் பார்த்துக்கொள்ள மேலாள் இருந்தார், அவருக்கு உதவியாக அடுத்தாள் இருந்தார், பேரேடு தினமும் எழுதப்பட்டது. பேரேட்டை மூடாமல் ஐயா ராச்சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கமாட்டார். கணக்குப்பிள்ளை வந்தால் பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்த வீடுகள் இவை. அந்த ஊரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சிரிக்கிறார், கூடச் சிரிக்கிறோம். எனக்கு வலித்தது பில் விஷயமில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

சரி, விடுங்கள். நாளைக்கு 11-ஆம் தேதி, போன மாச பில்களைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள். போன மாச பில் அனுப்பாதவர்கள் இன்று ராத்திரி ஒன்பது மணிக்குள் அனுப்பிவிடுங்கள். கைதட்டியவர்களும்தான்.