மண்ணெண்ணெய் திமிங்கலத்த காப்பாத்துச்சா?

"1859ல அமெரிக்காவுல பெட்ரோலியம் கிணறு தோண்டினாங்க, மண்ணெண்ணெய் வந்துச்சு, உடனே நியூ பெட்ஃபோர்டுங்கிற அமெரிக்கத் துறைமுகத்துல திமிங்கல வேட்டை நின்னுபோச்சு, திமிங்கலமும் பொழச்சுது"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. பாதிதான் சரிங்க.

நியூ பெட்ஃபோர்டு உச்சத்துல இருந்தது 1857ல, அப்ப 300க்கு மேல வேட்டைக் கப்பல். வெளக்கு எரிக்க வித்த திமிங்கல எண்ணெயோட மார்க்கெட்ட மண்ணெண்ணெய் அடிச்சது நெசம்தான், ஆனா கூடவே அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்துச்சு, வடக்கு மாநிலப் படை பழைய வேட்டைக் கப்பல்கள்ல கல்ல ரொப்பி தெற்குல இருந்த சார்ல்ஸ்டன் துறைமுக வாசல்லயே மூழ்கடிச்சாங்க (எதிரி கப்பல் வரப்போக முடியாம அடைக்கத்தான்), அப்புறம் 1871ல ஆர்க்டிக் பனியில 33 கப்பல் மாட்டி அப்படியே விட்டுட்டு வரவேண்டியதாச்சு, நல்லவேள ஆள் யாரும் சாகல.

அதுக்கப்புறமும் தொழில் ஓடுச்சு. எண்ணெய்க்கு மட்டும் இல்ல, திமிங்கலத்தோட வாய்க்குள்ள சீப்பு மாதிரி தொங்குற தகட்டுக்கும். பொம்பளைங்க இடுப்ப இறுக்கிக் கட்டுற கார்செட்டுக்கு அதுதான் வளையுற கம்பி! அந்த ஊர்லேர்ந்து கடைசி கப்பல்கள் போனது 1920கள்ல.

திமிங்கலம் பொழச்சுதுன்றது சுத்தப் பொய். எஞ்சின்ல ஓடுற கப்பலும் வெடிக்கிற ஈட்டியும் பரவின 20ம் நூற்றாண்டுலதான் கிட்டத்தட்ட 29 லட்சம் திமிங்கலத்த கொன்னாங்க, அந்த எண்ணெய் மார்ஜரினுக்கும் சோப்புக்கும் போச்சு. வியாபார வேட்டைக்கு சர்வதேச தடை அமலுக்கு வந்ததே 1986லதான்.