ஊருக்குப் போயிட்டு வந்தா அருவா கேட்குறாங்க

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் ஆபீஸில் வருடம் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "என்ன ப்ரோ, பையில அருவா இருக்கா?" சென்னைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. கேட்கிற ஆள்தான் மாறியிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டே பனங்கிழங்குக் கட்டை எடுத்து நீட்டுவேன். இந்தத் தடவை ஏனோ சிரிப்பு வரவில்லை.

எனக்குத் திருப்புவனம் பக்கம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரோட்டில் வந்தால் முதலில் கீழடிக்குப் பிரிகிற வழி, அடுத்து எங்கள் ஊர். அதைத் தாண்டினால் திருப்பாச்சேத்தி, அருவாளுக்குப் பேர்போன ஊர். இன்னும் கொஞ்சம் போனால் மானாமதுரை, கச்சேரியில் கேட்கிற கடத்துக்குப் பேர்போன மண். எல்லாம் சுமார் 50 கிலோமீட்டருக்குள். கடம் செய்கிறவரும் நெருப்பை நம்பித்தான் பிழைக்கிறார், அருவாள் அடிக்கிறவரும் நெருப்பை நம்பித்தான் பிழைக்கிறார். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட "கடம் கொண்டாந்தியா?" என்று கேட்டதில்லை.

எல்லாம் சினிமா செய்த வேலை என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2000களின் நடுவில் வந்த படங்களில் மதுரைக்காரன் என்றால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டைக்குள் கையைவிட்டு முதுகிலிருந்து வீச்சருவாளை உருவுகிற ஆள். (நிஜமாகவே ஒன்றை முதுகில் செருகிக்கொண்டு பைக்கில் போய்ப் பாருங்கள், முதல் ஸ்பீடு பிரேக்கரில் தெரியும்.)

எங்கள் வீட்டு அருவாள்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிக் கிடக்கும். கதிர் அறுக்கப் பல் வைத்தது ஒன்று, இளநீர் சீவ ஒன்று, சீமைக்கருவேலம் வெட்டக் கனமாக ஒன்று. கனமானது பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்தது. அப்பாவுக்கு அது மேல் இருந்த பாசம் என் மேல் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

கருப்பசாமி கையில் இருக்கிற அருவாள் வேறு. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சிலை கிடையாது. சந்தனம் பூசிய கதவையே சாமியாகக் கும்பிடுகிறோம். கடன், களவு, எல்லைத் தகராறு எதுவானாலும் "கருப்பன் வாசல்ல வந்து சத்தியம் பண்ணு" என்றால் பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். கிராமங்களில் அவருக்கு நேர்ந்துகொண்டு ஆளுயர அருவாள் நடுவார்கள். அதைத் தூக்கி யாரையும் வெட்ட முடியாது. பொய் சொல்லக்கூடாது என்ற பயத்துக்கு இரும்பில் ஒரு உருவம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. மதுரைத் தொகுதி 2019லும் 2024லும் எம்.பி.யைத் தேர்ந்தெடுத்தது அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் சின்னத்தில். ஓட்டு மெஷினில் அந்த அரிவாளைப் பார்த்து யாரும் மிரளவில்லை.

இவ்வளவையும் ஆபீஸ் கேண்டீனில் வைத்து வாதாடியிருக்கிறேன். ஜெயித்துமிருக்கிறேன். ஆனால் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு.

மேலூர் பக்கம் மேலவளவில் 1997 ஜூனில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனோடு சேர்த்து 6 பேரைக் கொன்றார்கள். பட்டியல் சாதிக்காரர் தலைவரானது பொறுக்காமல் நடந்த கொலை. நான் பழிபோட்ட படங்கள் ஒன்றும் அப்போது வந்திருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து அருவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான், காரணம் சாதிதான். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கட்டுவதைக்கூடத் தடுக்கச் சொன்னது. கயிற்றுக்கே இந்த நிலைமை.

போன வருடம் ஊர்த் திருவிழாவுக்குப் பிளெக்ஸ் அடித்தார்கள். இரண்டு வீச்சருவாளைக் குறுக்கே போட்டு, நடுவில் பங்காளிகள் போட்டோ, மேலே "வீரம் விளைஞ்ச மண்ணு". டிசைன் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தபோது நானும் ஹார்ட் போட்டேன். அதை வைத்த இடம் பஸ் ஸ்டாண்டு அல்ல, ஊரணிக்கரை. ஊரணிக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்பது குரூப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தினமும் அதைத் தாண்டித் தண்ணீருக்கு வருகிற ஒரு அக்காவை நிறுத்தி, "இது எங்க பண்பாடு, விவசாயக் கருவி" என்று நான் விளக்கம் சொல்ல முடியுமா? கேண்டீனில் சொன்ன ஒரு வரியைக்கூட அங்கே சொல்ல வாய் வராது. அந்தப் படம் அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்தார்களோ அதைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்காக ஆபீஸ் நண்பருக்கு விடுதலை கிடையாது. கோயம்புத்தூர்க்காரரைக் கண்டதும் "ஏனுங்க" என்று இழுப்பதும் அவர்தான். ஆனால் அவர் என்னைக் கிண்டல் செய்தால் எனக்கு ஒரு நாள் மூடு அவுட், அதோடு முடிந்தது. ஊரணிக்கரை அப்படியில்லை. நான் எந்தப் பக்கம் நின்று கோபப்படுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளும்படி ஆகிவிட்டது. அடுத்த வருடம் பிளெக்ஸில் கடத்தைப் போடுவோம் என்று குரூப்பில் எழுதினேன். மூன்று பேர் சிரிப்பு எமோஜி போட்டார்கள், ஒரு சித்தப்பா குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார்.

இந்தப் பொங்கலுக்குக் கருவேலம் வெட்டுகிற அருவாள் பிடி கழன்று, புதிதாக ஒன்று வாங்கப் பட்டறைக்குப் போனேன். 2021 செப்டம்பரில் ரவுடிகளைத் தேடித் தமிழ்நாடு முழுக்கச் சோதனை நடந்தபோது, அருவாள் வாங்குகிறவர்களின் விவரத்தை எழுதி வைக்கச் சொல்லிப் பட்டறைகளுக்குப் போலீஸ் உத்தரவு போட்டது. பெரியவர் இன்னும் அந்த நோட்டை வைத்திருக்கிறார். பேர், ஊர், போன் நம்பர் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் "எதற்காக" என்றிருந்தது. "வேலி வெட்ட" என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் இதைத்தான் தம்பி எழுதுறாங்க."