வீட்டில் கடலுக்குப் பயப்படுகிறவருக்காகத்தான் தனிப்படகு

கடந்த பிப்ரவரியில் மாலத்தீவுக் கடலில் எடுத்த படங்களை இங்கே பகிர்ந்ததிலிருந்து, உறவினரும் நண்பர்களுமாகப் பலர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்நார்க்கெலிங்குக்கு, அதாவது முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீர்ப்பரப்பில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பதற்கு, விடுதியிலிருந்தே எல்லோரையும் ஏற்றிச் செல்லும் பொதுப்படகு இருக்கும்போது, தலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பணம் கொடுத்துத் தனியாக ஒரு யாட் (உல்லாசப் படகு) எடுக்கத்தான் வேண்டுமா என்பது அந்தக் கேள்வி. எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்த நான்கு இளைஞர்கள் போவதாக இருந்தால் பொதுப்படகே போதும். ஆனால் கடலைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்து, அவரையும் தண்ணீரில் இறக்கிப் பவளப்பாறையைக் காட்ட வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால், சீட்டுப் பணத்தை எடுத்தாவது தனிப்படகு பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். பயப்படுகிறவருக்கு நல்லது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பவளத்துக்கும் அதுதான் நல்லது என்பதை இரண்டு பயணங்களில் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் அம்மாவுக்கு வயது 61. பிறந்தது திசையன்விளைப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஊர். உவரிக் கடல் அங்கிருந்து வெகு தூரமில்லை. சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குப் போகும்போது கரையோரத்தில் கால் நனைப்பதும், திருச்செந்தூரில் நாழிக்கிணற்றுக்குப் போகுமுன் அலையில் ஒரு முங்கு முங்கி எழுவதும்தான் அவருக்கும் கடலுக்கும் இருந்த உறவு. இடுப்பளவுத் தண்ணீருக்கு அப்பால் ஒருநாளும் போனதில்லை. கடற்கரைக்கு இத்தனை பக்கத்தில் வாழ்ந்தும் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை ஒரு முறைகூடப் பார்க்காதவர்கள், குறிப்பாகப் பெண்கள், நம் மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கடற்கரையில் அம்மாவைப் பொதுப்படகில்தான் அழைத்துப் போனேன். ஏறத்தாழ நாற்பது பேர் ஏறியிருந்த அந்தப் படகில் தண்ணீரில் துணைக்கு இறங்கியவர் ஒரே ஒருவர். உயிர்காப்பு மேலங்கிகள் எல்லாம் ஒரே அளவு. சிறுபிள்ளைகளுக்குத் தொளதொளவென்றும், பெரிய உடம்புக்காரர்களுக்கு வார் மாட்ட முடியாமலும் இருந்தன. முகக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, "பத்து நிமிடம், பத்து நிமிடம்" என்று விரட்டினார்கள். அம்மா ஏணியின் இரண்டாம் படிவரை இறங்கிவிட்டு, பின்னால் நின்றவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டு வெட்கப்பட்டு மேலே ஏறிவிட்டார். கண்ணாடியின் ரப்பர் பதிந்த தழும்பு நெற்றியில் இருந்தது. சேலை நனையவே இல்லை. நான் தண்ணீரில் இருந்தேன். பக்கத்தில் மிதந்த ஒருவருக்கு மூச்சுக்குழாயில் தண்ணீர் புகுந்துவிட, பதறிப்போய்க் காலை ஊன்ற இடம் தேடினார். அவர் காலுக்குக் கிடைத்தது கிளைகிளையாக வளர்ந்திருந்த ஒரு பவளக் கொத்து. கைமுறுக்கை ஒடிப்பதுபோல ஒரு சத்தம், தண்ணீருக்குள் மிகத் தெளிவாகக் கேட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூச்சு முட்டும் மனிதர் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பார் என்று எதிர்பார்க்கவே முடியாது. பழக்கிவிடாமல், பத்து நிமிடக் கெடு வைத்து அவரை இறக்கிவிட்டவர்கள்மேல்தான் கோபம் வந்தது. அது இன்னும் தீரவில்லை.

ஆகவே இந்த முறை முதலில் எங்கள் வீட்டிலேயே தொடங்கினோம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் ஒரு செட் வாங்கி, பாளையங்கோட்டை வீட்டு முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, முகத்தை மட்டும் அதில் அமிழ்த்தி வாயால் மூச்சுவிடுவதை அம்மா இரண்டு வாரம் பழகினார். அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரித்தாலும் அவர் விடவில்லை. இதை எல்லோரும் செய்யலாம். பெரிய செலவும் இல்லை. மூக்கை மறந்து வாயால் மட்டும் மூச்சு வாங்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும் விமானப் பயணம்தான். நமக்கு அந்த நாடு அந்நியமும் அல்ல. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அங்கே போய்வந்திருக்கின்றன. அவர்கள் தங்கள் படகை தோணி என்றேதான் சொல்கிறார்கள். நம் ஊர் மாசிக்கருவாட்டின் பூர்வீகமும் அந்தத் தீவுகள்தான். மூன்று குடும்பங்களாக ஒன்பது பேர் சேர்ந்து நாங்கள் எடுத்தது இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதே. வயதானவர்களோடு போகிறவர்கள் இந்த வகைப் படகையே கேட்டு வாங்குங்கள். ஒற்றை உடல் படகைவிட இது மிகக் குறைவாகவே சாய்ந்தாடும் என்பதால் வாந்தி மயக்கம் குறைவு. பின்புறத்தில் தண்ணீர் மட்டம்வரை அகலமான படிகள் இறங்குவதால், படித்துறையில் உட்கார்வதுபோல உட்கார்ந்துகொள்ளலாம். அந்தப் படிகள்தான் எங்கள் பயணத்தையே மாற்றின.

துணைக்கு வந்த வழிகாட்டி இலங்கையின் மன்னாரைச் சேர்ந்த இளைஞர். நம் வளைகுடாவின் அந்தக் கரைக்காரர் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பாதித் தெம்பு வந்துவிட்டது. கடைசிப் படியில், தண்ணீர் மார்பைத் தொடும்படி அம்மாவை உட்காரவைத்து, அவர் எதிரே மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தடவை முகத்தை அமிழ்த்திய அம்மா உடனே தலையைத் தூக்கி, "எய்யா, மூச்சு முட்டுது, நா முங்கிருவேன்" என்று பதறினார். "மூக்கால இழுக்கப் பாக்கிறீங்கள் அம்மா. வாயால மட்டும், மெதுவா இழுங்கோ. நான் பக்கத்திலதான் நிக்கிறன்" என்றார் அவர். இப்படியே இருபத்தைந்து நிமிடம் போயிற்று. அவ்வளவு நேரமும் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பின்னால் வரிசையில் நின்று முணுமுணுக்க ஒருவரும் இல்லை. முழுக்கைச் சுடிதாரில் ஈரமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவை வெறித்துப் பார்க்க அந்நியக் கண்களும் இல்லை. நம் பெண்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்பதை, படகுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆண்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

பிறகு அம்மா வளையத்தைப் பிடித்தபடி படியை விட்டார். முகக்கண்ணாடி வழியே பார்க்கும்போது தண்ணீருக்குள் இருக்கும் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருப்பதைவிட நெருக்கத்திலும் தெரியும். காலுக்கு அடியில் பாறை வந்துவிட்டது என்று எண்ணி அம்மா முழங்காலை மடக்கிக்கொண்டார். உண்மையில் கீழே இரண்டு ஆள் ஆழம் இருந்தது. அதை வழிகாட்டி முன்பே சொல்லிவைத்திருந்ததால் பதற்றம் உடனே அடங்கிற்று. அவர் வளையத்தை மெல்ல இழுத்துச் செல்ல, அம்மாவின் குழாயிலிருந்து "ம்ம், ம்ம்" என்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு கை வளையத்தில், இன்னொரு கை எதையாவது சுட்டிக்கொண்டே இருந்தது. திடீரென்று தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பிவிட்டு, "ஏய், விளமீன்லா போகுது!" என்றார். நாற்பது ஆண்டுகளாக அரிவாள்மனையில் வைத்து அரிந்த மீன், செதிலில் வெயில் மின்ன, தன் போக்கில் மேய்ந்துபோவதை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். முக்கால் மணி நேரம் மிதந்த அம்மாவின் கால் ஒரு தடவைகூடப் பவளத்தில் படவில்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். பவளத்தை ஒடிப்பதற்கென்று யாரும் ஒடிப்பதில்லை. பெரும்பாலும் பயந்த கால்தான் அதை ஒடிக்கிறது. கிளைப்பவளம் பெரும்பாலும் ஓர் ஆண்டில் சில சென்டிமீட்டர்தான் வளரும். உருண்டைப் பவளத்துக்கு அவ்வளவு வளர்ச்சிகூடக் கிடையாது. ஒரு கால் மிதித்து ஒடித்ததை ஈடுசெய்யப் பத்து ஆண்டுகள் ஆகலாம். அதுவும் மற்றதெல்லாம் சரியாக இருந்தால்தான். கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகக் கடல் சில வாரங்கள் சூடாகவே இருந்தால், பவளம் தன் உடலுக்குள் வாழும், தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். 1998-இல் மாலத்தீவின் ஆழம் குறைந்த இடங்களில் இருந்த பவளத்தின் பெரும்பகுதி அப்படித்தான் செத்துப்போனது. 2016-இல் மீண்டும் வெளிறியது. நாங்கள் மிதந்த இடத்திலும் சாம்பல் பூத்த செத்த கிளைகளுக்கு நடுவே உள்ளங்கை அளவு புதுப்பவளம் துளிர்த்திருந்ததை வழிகாட்டி காட்டினார். வெப்பத்தோடு போராடி உயிர் பிடித்து நிற்கும் ஒன்றை நம் காலும் மிதிப்பது எந்த வகையில் நியாயம்?

அன்று காலை இன்னொன்றும் நடந்தது. எங்களுக்கு முதலில் சொல்லியிருந்த இடம், இரண்டு தீவுகளுக்கு நடுவே திறந்த கடலைப் பார்த்திருக்கும் கால்வாய் ஓரத்துப் பாறை. படகு அங்கே போனதும் படகோட்டி நீரோட்டத்தைச் சிறிது நேரம் கவனித்துவிட்டு, இறங்க வேண்டாம் என்று சொல்லிப் படகைத் திருப்பி, காற்று மறைவான உட்பக்கத்துக்கு கொண்டுபோய்விட்டார். எங்களில் ஒருவருக்கு, முழுப்பணம் கட்டியிருக்கிறோமே என்று ஆதங்கம். அவருக்கு நான் சொன்னது, நம் ஊர்க் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போதும், நீவாடு (கடல் நீரோட்டம்) மாறிக் கிடக்கும்போதும், கடலுக்குப் போகலாமா என்பதை முடிவு செய்பவர் படகில் இருப்பவரே தவிர, மீனுக்கு முன்பணம் கொடுத்தவர் இல்லை. தனிப்படகில் இருக்கும் ஒரே ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். காசு கொடுத்தவன் சொன்னால் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. படகோட்டி வேண்டாம் என்றால் மறுபேச்சுப் பேசாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. வழிகாட்டி உங்களோடு தண்ணீரில் இறங்குவாரா, அந்த நேரத்தில் படகிலிருந்து பார்த்துக்கொள்ள வேறொருவர் இருப்பாரா என்று கட்டாயம் கேளுங்கள். நீரில் தத்தளிப்பவர் பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமில்லாமலேயே அமிழ்ந்துவிடுவார் என்பதால் மேலிருந்து பார்க்கும் அந்த ஒரு கண் மிக முக்கியம். நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடாமல், மணல் பரப்பிலோ நிலையான மிதவையிலோ படகைக் கட்டுவார்களா என்று கேளுங்கள். முகம் முழுவதையும் மூடும் கண்ணாடியை எங்கள் வழிகாட்டி அம்மாவுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். பதற்றத்தில் சட்டென்று கழற்ற முடியாது என்பது காரணம். மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டு வழியாகக் கண்ணாடிக்குள் தண்ணீர் கசியும். அங்கே சிறிது வாஸ்லைன் தடவிக்கொண்டால் நிற்கும். வெயிலுக்குப் பூசும் கிரீம்களில் ஆக்ஸிபென்சோன் போன்ற சில பொருள்கள் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனைக்கே தடை போட்டிருக்கிறது. வெயிலைத் தடுக்கும் வேலையை நம் முழுக்கைச் சட்டையும் சுடிதாரும் நன்றாகவே பார்த்துக்கொள்ளும். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

மாலத்தீவைப் பற்றி எழுதும்போதெல்லாம், நம் வாசலில் இருக்கும் மன்னார் வளைகுடாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை 21 தீவுகள். 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போயே போய்விட்டது. வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கமும் ஸ்நார்க்கெலிங் படகுகள் வர வேண்டும், நம் கடற்கரை இளைஞர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். வேலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்தில்லை. முத்துக் குளித்தவர்களின் பேரப்பிள்ளைகளைவிடச் சிறந்த வழிகாட்டிகள் எங்கே கிடைப்பார்கள்? ஆனால் அங்கே பவளம் கிடப்பது பல இடங்களில் ஓராள் ஆழம்கூட இல்லாத தண்ணீரில். பதறிய கால் ஊன்றினால் பவளத்தில்தான் ஊன்றும். நாற்பது பேரை ஏற்றிப் பத்து நிமிடக் கெடு வைக்கும் படகு அங்கே ஒன்றுகூட வரக் கூடாது. வருவதானால், ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் இல்லாத சிறிய படகுகளாக, இறங்குமுன் கரையிலேயே பழக்கிவிட்டு அழைத்துப் போகிறவையாக வரட்டும். பயம் தெளியாதவர்களுக்குக் கண்ணாடி அடிப்பலகைப் படகு இருக்கட்டும்.

இனி என்னிடம் படகின் பெயரையும் கட்டணத்தையும் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவற்றைச் சொல்லுமுன், உங்களோடு வருகிறவர்களில் யாருக்குத் தண்ணீர் என்றால் அதிகப் பயம், அவருக்கு என்ன வயது என்று உங்களைக் கேட்பேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைக் கேளுங்கள். எங்கள் வீட்டு அண்டாவும் முகக்கண்ணாடியும் பாளையங்கோட்டையில் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் வந்து பழகிக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்க அம்மா தயாராக இருக்கிறார்.