நன்றாக உறிஞ்சப்பட்டால் நல்லதுதானா?

துகள் சிறியதானால் சத்து அதிகமாக உடம்பில் சேரும், அதனால் நானோ மஞ்சள் மாத்திரையே (கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கிய மஞ்சள்சத்து) மேல் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி சரி. மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாத சரக்கு. கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் சுவரும் கல்லீரலும் அதை உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடும். நுணுக்கினால் மேற்பரப்பு கூடும், கரைவதும் எளிதாகும்.

ஆனால் அப்படித் தள்ளிவிடுவதே நமக்கு ஒரு காவல் இல்லையா? 1998-ல் வெளியான பெங்களூர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச்சத்தான பிப்பரின் வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். உடம்பில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது. அதே 2 கிராம்தான், ரத்தத்தைப் பொறுத்தவரை வேறு மருந்து! 2019-ல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. 2022-ல் அந்நாட்டு அரசு அந்த மாத்திரை டப்பாக்களின் மேல் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

(வீட்டு மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுபவர்கள் பதற வேண்டாம். மஞ்சள்தூளில் குர்குமின் எடையில் 3 சதவீதம் அளவுதான், ஒரு சிட்டிகையில் என்ன இருந்துவிடப் போகிறது.)

'நானோ' என்று போட்ட டப்பா வாங்குபவர்கள் ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். ஏற்கெனவே கல்லீரல் தொந்தரவோ பித்தப்பைக் கல்லோ இருந்தால், அப்புறம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.