கதை ஒன்றாக இருந்தால் பேச்சு வராது
புகழ்பெற்ற புகைப்படத்தைக் காட்டி அதன் கதையை வாசிக்கவிட்டாலே பிள்ளைகள் ஆங்கிலம் பேசிவிடுவார்கள் என்கிறது ஒரு கட்டுரை. வாசிப்பார்கள், பேசமாட்டார்கள். குடியாத்தத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங், வறுமையில் வாடிய ஒரு தாயையும் பிள்ளைகளையும் 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தின் கதையை வாசித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக்காக அந்தக் குடும்பம் கார் டயரையே விற்றதாக லாங் எழுதியதை, அந்தத் தாயின் மகன் பின்னாளில் மறுத்தார். அதைச் சொன்னதும்தான் வகுப்பு சூடுபிடித்தது. யார் சொல்வது சரி என்று அரைகுறை ஆங்கிலத்தில் ஒரே சண்டை! இலக்கணம் நொண்டியடித்தது, அதனால் என்ன. நம்மூர்ப் படங்களே போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, பீடி சுற்றும் பாட்டியின் படத்தை ஒரு மாணவி கொண்டுவந்தாள். ஆனால் அவள் சொன்னதை மறுத்துப் பேச யாருக்கும் மனசு வரவில்லை.