ஃபில்டர் புதுசா கலர் சேர்க்காது
வெள்ளை எல்ஈடி முன்னாடி ஆரஞ்சு ஃபில்டர் ஷீட் வச்சா ரூம் வெளிச்சமே வார்மா (மஞ்சள் கலந்த மாதிரி) ஆயிடும்னு போஸ்ட்ல போட்டிருக்கீங்க, சரிதான், ஆனா முக்கியமான ஒண்ண விட்டுட்டீங்களே. ஃபில்டர் எந்த கலரையும் புதுசா சேர்க்காது, பல்புல இருந்து வர்றதுல கொஞ்சத்த தடுக்கும் அவ்ளோதான், அதனால வெளிச்சம் கண்டிப்பா குறையும், 5600 கெல்வின் (பகல் மாதிரி வெள்ளை) வெளிச்சத்த 3200க்கு (மஞ்சள் கலந்த வார்ம்) இறக்குற ஃபுல் சிடிஓ ஷீட் (அடர்த்தியான ஆரஞ்சு ஃபில்டர்) போட்டா கிட்டத்தட்ட பாதி வெளிச்சம் போயிடும். பல்புலயே சிவப்பு கம்மின்னா (மலிவான எல்ஈடி நிறைய அப்படித்தான்) என்ன ஷீட் போட்டாலும் முகம் உயிரில்லாமதான் தெரியும், சிஆர்ஐ (பொருளோட நிஜ கலர பல்பு எவ்ளோ சரியா காட்டுதுங்கறதுக்கான மார்க், அதிகபட்சம் 100) 90க்கு மேல இருக்கானு பாத்து வாங்குங்க. அப்புறம் ஹாலஜன் பல்பு மேல சாதா கலர் பேப்பர தயவுசெஞ்சு ஒட்டாதீங்க, அந்த சூட்டுக்கு தீப்பிடிக்கக்கூட வாய்ப்பிருக்கு.